கம்பங்கொல்லையில் இருபது மரங்கள்: ஆப்பிரிக்காவை வரையும் செயற்கைக்கோள் வரைபடங்களில் எதை நம்பலாம்?

நைஜர் நாட்டின் தெற்கே, ஜின்டர் பகுதியில் ஒரு கம்பங்கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். மணல் கலந்த மண். கம்புக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது மரங்கள். ஹவுசா மொழியில் அந்த மரத்துக்குக் 'காவோ' என்று பெயர். வேல மரத்துக்கு உறவு, முள்ளும் உண்டு. ஆனால் பழக்கம் மற்ற மரங்களுக்கு நேர்மாறு. மழைக்காலத்தில் இலையைக் கொட்டிவிடும், வறண்ட காலத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும். அதனால் பயிருக்கு நிழல் விழாது. கொட்டிய இலை உரமாகும், காய் ஆடுமாடுகளுக்குத் தீனி. அந்த ஊர் விவசாயிகள் களை கொத்தும்போது காவோ கன்றை மட்டும் வெட்டாமல் விடுவது இதற்காகத்தான்.

இந்தக் கொல்லை பயிர்நிலமா, தோப்பா, மரங்கள் சிதறிய புல்வெளியான சவன்னாவா?

ஆப்பிரிக்காவின் நிலப்போர்வையை, அதாவது மண்ணை எது மூடியிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். சஹாராவை வெற்றுநிலம் என்றும் காங்கோ படுகையைக் காடு என்றும் எல்லா வரைபடமும் சொல்லிவிடும், அதில் சண்டையே இல்லை. இரண்டுக்கும் நடுவில், பிறகு காங்கோவுக்குத் தெற்கிலும், புல்லும் புதரும் மரமும் பயிரும் கலந்து கிடக்கிறதே, அங்கேதான் ஒரு வரைபடத்தை மற்றொன்று மறுக்கிறது.

முதலில் வந்தவை

1985 ஜனவரியில் காம்ப்டன் டக்கர், ஜான் டவுன்ஷெண்ட், தாமஸ் காஃப் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேகத்தைப் பார்ப்பதற்கென்று அனுப்பிய அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளை வைத்தே ஆப்பிரிக்காவின் நிலத்தை வகைப்படுத்திக் காட்டினார்கள். 19 மாதத் தரவு. ஒரு நாள் எடுத்த படத்தை நம்பாமல், ஒவ்வோர் இடத்திலும் பச்சை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்ததுதான் அவர்கள் செய்த பெரிய வேலை. மழைப் பட்டை வடக்கும் தெற்கும் நகர, பச்சையும் பின்னாலேயே நகர்ந்தது. 1983இல் சஹாராவின் தெற்கு ஓரமான சஹேல் பகுதியைத் தாக்கிய வறட்சியும் அதில் தெரிந்தது. இன்றைய வரைபடங்களில் நல்லவை எல்லாம் இந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

அடுத்தது 'ஜிஎல்சி 2000' என்ற, 2000ஆம் ஆண்டின் உலக நிலப்போர்வை வரைபடம். இத்தாலியின் இஸ்ப்ராவிலுள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் ஒருங்கிணைத்தது. ஆப்பிரிக்கப் பகுதிக்குப் பிலிப் மயோ தலைமை. ஸ்பாட்-4 செயற்கைக்கோளின் தரவு, ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், ஒரு சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 247 ஏக்கர். நம் கொல்லையைப் போல நூறு கொல்லைகள் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். இன்று பார்த்தால் இது கரடுமுரடான வரைபடம்தான். ஆனாலும் அதைச் செய்த பக்குவம் எனக்கு மிகவும் பிடிக்கும். காங்கோவின் சதுப்புக் காடுகளை மேகம் மறைக்கிறதா, அங்கே ரேடார் படம். நகரங்களுக்கு இரவு விளக்கு வெளிச்சத்தைப் பதிவு செய்த படம். மலைக்காடுகளைப் பிரிக்க நிலத்தின் உயரக் கணக்கு. எந்த நிலத்துக்கு எந்தக் கருவி என்று தேர்ந்து எடுத்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம் அதன் வகைப் பட்டியல். மொத்தம் 27 வகை. மணல் பாலையும் கல் பாலையும் தனித்தனி. காடும் சவன்னாவும் கலந்த நிலத்துக்கு ஒரு பெயர், காடும் பயிரும் கலந்ததற்கு வேறொரு பெயர். நம் கொல்லைக்கும் அதில் பெயர் உண்டு: 'மரங்கள் சிதறிய பயிர்நிலம்'.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அப்புறம் வந்த வரைபடங்களில் பிக்சல் சிறுத்துக்கொண்டே போனது, கூடவே பெயர்களும் குறைந்துகொண்டே போயின.

அமெரிக்காவின் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி தரும் வரைபடம் 500 மீட்டர் அளவு, அதிகம் பயன்படும் அதன் பட்டியலில் 17 வகை, 2001 முதல் ஆண்டுதோறும். நீண்ட தொடர் வேண்டுமென்றால் இதுவும், 1992 முதல் தொடங்கும் 300 மீட்டர் ஐரோப்பியத் தொடரும் கைகொடுக்கும். மோடிஸ் பட்டியலில் மரம் 10 முதல் 30 விழுக்காடு இருந்தால் சவன்னா, 30 முதல் 60 இருந்தால் மரச்சவன்னா. சவன்னா என்ற சொல்லுக்கு எண்ணால் வேலி போட்டது நல்ல காரியம்.

20 மீட்டர் தந்த பாடம்

2017 அக்டோபரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஆப்பிரிக்காவுக்கென்றே 20 மீட்டர் அளவில் ஒரு முன்னோட்ட வரைபடத்தை வெளியிட்டது. சென்டினல்-2ஏ செயற்கைக்கோள் ஓராண்டில் எடுத்த சுமார் 1,80,000 படங்களிலிருந்து செய்தது. ஒரு பிக்சல் பத்து சென்ட். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஆற்றங்கரை மரவரிசைகூடத் தெரியும். பார்க்கப் பார்க்க நம்பிக்கை வரும்.

தனியாக நடந்த சோதனையில் அதன் துல்லியம் சுமார் 65 விழுக்காடுதான் தேறியது. நாட்டுக்கு நாடு பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது: காபோனில் 91, தென்னாப்பிரிக்காவில் 44. காபோனின் பெரும்பகுதி காடு, கண்ணை மூடிக்கொண்டு 'மரம்' என்று சொன்னாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். தென்னாப்பிரிக்காவில் புல், புதர், பயிர், தரிசு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கண்டம் முழுவதற்கும் ஒரே எண்ணாகச் சொல்லப்படும் துல்லியத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். நமக்கு வேண்டிய இடத்தில் என்ன துல்லியம் என்று கேட்க வேண்டும்.

சொல்லுக்குப் பதில் எண்

அதே 2017இல் வந்த இன்னொரு வரைபடத்தைத்தான் நான் சவன்னாவுக்கு முதலில் எடுப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் புவிநோக்குத் திட்டத்துக்காகப் பெல்ஜியத்தின் விட்டோ ஆய்வு நிறுவனம் செய்த 100 மீட்டர் வரைபடம். முதல் பதிப்பு ஆப்பிரிக்காவுக்கு மட்டும், 2015ஆம் ஆண்டு நிலவரம். பிறகு உலகம் முழுக்க 2019 வரை விரிந்தது. படம் எடுத்தது புரோபா-வி, ஒரு கன மீட்டர்கூட இல்லாத குட்டிச் செயற்கைக்கோள்.

இதன் சிறப்பு, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பெயரோடு நிற்காமல் மரம் எத்தனை விழுக்காடு, புதர் எத்தனை, புல் எத்தனை, பயிர் எத்தனை, வெற்றுமண் எத்தனை என்றும் பிரித்துச் சொல்வது. நம் கொல்லைக்கே கணக்குப் போடுவோம். ஒரு காவோவின் விதானம், அதாவது கிளையும் இலையும் விரிந்த குடை, 8 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 50 சதுர மீட்டர். இருபது மரத்துக்கு 1,000. ஹெக்டேரில் அது பத்தில் ஒரு பங்கு. இந்த வரைபடம் சரியாக வேலை செய்தால் 'மரம் 10' என்று எழுத வேண்டும், மீதியில் பெரும்பகுதியைப் பயிருக்குக் கொடுக்க வேண்டும். அந்த நிலத்தில் நடப்பதும் அதுதானே.

குறை இல்லாமல் இல்லை. விழுக்காட்டில் சில புள்ளி முன்பின் ஆகும். 2020இல் புரோபா-வியின் பணி முடிந்ததால் தொடர் 2019ஓடு நின்றுவிட்டது. இவ்வளவு நல்ல தொடர் ஐந்தே ஆண்டில் நின்றதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

10 மீட்டர் மூவர்

சரி, இப்போது எல்லாரும் தேடிப் போகும் மூன்றுக்கு வருவோம். மூன்றும் சென்டினல்-2 படங்களில் பிறந்தவை. ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், இரண்டரை சென்ட். ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். ஜிஎல்சி 2000 அதை 3 கோடி சதுரமாகப் பிரித்தது என்றால், இவை 30,000 கோடி சதுரமாகப் பிரிக்கின்றன.

'வேர்ல்ட் கவர்' ஐரோப்பிய விண்வெளி முகமையின் படைப்பு. 2020, 2021 என்று இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு, 11 வகை. ஓராண்டுப் படங்களைச் சேர்த்துப் பார்க்கிறது, அதோடு சென்டினல்-1 ரேடாரையும் சேர்க்கிறது. மேகம் விலகாத கினி வளைகுடாக் கரைக்கும் காங்கோவுக்கும் இந்த ரேடார் பெரிய பலம். அலையாத்திக் காட்டுக்குத் தனி வகை கொடுத்திருப்பதும் நைஜர் கழிமுகத்தைப் பார்ப்பவர்களுக்கு உதவும்.

'டைனமிக் வேர்ல்ட்' கூகுளும் உலக வள நிறுவனமும் சேர்ந்து 2022இல் வெளியிட்டது. 9 வகை. இது ஆண்டுக்கு ஒரு வரைபடம் தருவதில்லை. மேகம் 35 விழுக்காட்டுக்குள் இருக்கும் சென்டினல்-2 படம் ஒவ்வொன்றையும் வந்த கையோடு தனியாக வகைப்படுத்திவிடுகிறது. எந்த வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற எண்ணையும் கூடவே தருகிறது. வெள்ளம் புகுந்த இடம், புதிதாகக் கட்டிய அணை, போன மாதம் அழிந்த காடு என்று உடனுக்குடன் பார்க்க இதைவிட நல்லது இல்லை.

ஆனால் ஒரே படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் முறைக்கு நம் கொல்லை ஒரு பொறி. ஆகஸ்டில் கம்பு பச்சை, காவோ மொட்டை. பிப்ரவரியில் நிலம் வெறும் மணல், காவோ பச்சை. முதல் படத்துக்கு அது பயிர், இரண்டாவதற்கு வெற்றுநிலமாகிவிடலாம். நிலம் மாறவில்லை, பருவம்தான் மாறியிருக்கிறது. தெற்கே மியோம்போ எனப்படும் இலையுதிர் காடுகளிலும் இதே சிக்கல் வரும். வறண்ட மாதங்களில் இலை கொட்டும், தரையில் தீ ஓடும், மழைக்கு முன்பே துளிர் விடும். அந்தத் துளிரும் பச்சையாக வராது, செம்பு நிறத்தில் வரும். எந்த நாளில் பார்த்தோம் என்பதே அங்கே பாதி விடை. அதனால் டைனமிக் வேர்ல்டை எடுப்பவர்கள் ஒரு நாள் படத்தோடு நிற்காமல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வரைபட மென்பொருள் செய்யும் எஸ்ரி நிறுவனத்தின் வரைபடம். 2017 முதல் ஆண்டுக்கு ஒன்று, பயன்படுத்த எளிது. ஆனால் புல்லையும் புதரையும் ஒன்றாக்கி 'மேய்ச்சல் நிலம்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். நகரம் எவ்வளவு விரிந்தது என்று பார்ப்பவர்களுக்கு அதனால் நட்டமில்லை. ஆப்பிரிக்கத் தாவரத்தைப் படிக்க வந்தவருக்கு அது பெரிய இழப்பு. செரங்கெட்டியின் புல்வெளியும் கலகாரியின் புதரும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும்.

மூன்றையும் 2022இல் நார்வே ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். உலகளாவிய சரிபார்ப்புப் படங்களோடு ஒப்பிட்டபோது துல்லியம் விழுக்காட்டில் எஸ்ரி 75, டைனமிக் வேர்ல்ட் 72, வேர்ல்ட் கவர் 65. ஐரோப்பாவில் ஆட்கள் நேரில் வயலுக்குப் போய்ப் பதிந்த புள்ளிகளோடு ஒப்பிட்டபோது வரிசை தலைகீழானது: வேர்ல்ட் கவர் 71, டைனமிக் வேர்ல்ட் 66, எஸ்ரி 63. காரணம் எளிது. முதல் அளவுகோல் சின்னச் சின்னத் துண்டுகளைக் கண்டுகொள்ளாதது, இரண்டாவது நுணுக்கமானது. தனி மரம், வேலியோர வரிசை போன்றவற்றை வேர்ல்ட் கவர் விடாமல் பிடிக்கிறது. மற்ற இரண்டும் கொஞ்சம் மொழுக்கிவிடுகின்றன.

நம் கொல்லைக்கு மூவரில் வேர்ல்ட் கவர்தான் என் தேர்வு. அதிலும் முழுப் பதில் கிடைக்காது. காவோவின் விதானம் பிக்சலுக்கு நடுவில் விழுந்தால் பாதியை மூடும், 'மரம்' என்று பேர் வாங்கிவிடலாம். நான்கு பிக்சல் சந்திக்கும் மூலையில் விழுந்தால் ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்குதான், மரம் காணாமல் போகலாம். எப்படிப் பார்த்தாலும் 'மரங்கள் சிதறிய பயிர்நிலம்' என்று சொல்ல அந்தப் பட்டியலில் சொல்லே கிடையாது.

கழித்துப் பார்க்கும் ஆசை

2021 வரைபடத்திலிருந்து 2020ஐக் கழித்து, இவ்வளவு காடு போயிற்று என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வேர்ல்ட் கவரில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு ஆண்டுக்கும் கணக்கிடும் முறையே வேறு, கிடைக்கும் வித்தியாசத்தில் நிலம் மாறியது எவ்வளவு, முறை மாறியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வெளியிட்டவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மாற்றத்தைப் பார்க்க மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகமும் சஹேல் நாடுகளின் கூட்டமைப்பும் சேர்ந்து 17 நாடுகளுக்கு 1975, 2000, 2013 என மூன்று வரைபடங்கள் செய்தன. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியையும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் மனிதர்களே கண்ணால் பார்த்துப் பெயரிட்டார்கள். அளவில் இது மிகவும் கரடு. ஆனால் மூன்று காலத்துக்கும் ஒரே அளவுகோல். 1975க்கும் 2013க்கும் நடுவில் பயிர்நிலம் இரண்டு மடங்கானது என்று அது சொன்னால் நான் நம்புவேன்.

எந்த வரைபடமாக இருந்தாலும் பச்சையைப் பார்த்து மகிழும் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வேர்ல்ட் கவரில் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் இயற்கைக் காடும் ஒரே 'மரம்'. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கோக்கோ தோப்பு காட்டைப் போலவே நிறம் காட்டும். அப்புறம் நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம். எத்தியோப்பியாவின் அஃபார் சமவெளியிலும் கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பக்கத்திலும் அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் புல் குறைந்து புதரும் மரமும் கூடியிருக்கும். அங்கே மாடு மேய்ப்பவருக்கு அது பசுமை இல்லை, வாழ்வாதாரம் போன கதை.

காவோவுக்கு வருவோம். 1985 கட்டுரையை எழுதிய அதே டக்கரும் இடம்பெற்ற ஒரு குழு, 2020இல் அரை மீட்டர் நுணுக்கப் படங்களை எடுத்துக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் சஹாராவிலும் சஹேலிலும் 13 லட்சம் சதுர கிலோமீட்டரில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணியது. கிடைத்தது 180 கோடிக்கும் மேல். மூன்று சதுர மீட்டருக்கு மேல் விதானம் இருந்தால் போதும், கணக்கில் வந்துவிடும். என்ன மரம் என்று அது சொல்லாது, ஆண்டுதோறும் செய்யும் வேலையும் இல்லை. ஆனால் படங்களை அவர்கள் தேர்ந்தெடுத்த காலத்தைப் பாருங்கள்: மழை முடிந்து, புல் காய்ந்து, மரம் மட்டும் பச்சையாக நிற்கும் மாதங்கள். கம்பு அறுவடை ஆகி, தட்டை வெளுத்துக் கிடக்கும் நேரம். காவோ அப்போதுதான் இலை விட்டிருக்கும்.