ஆர்கனைக் கடைக்குக் கொண்டுபோவதா, ஆர்கனுக்கு அரங்கம் கட்டுவதா?

பைப் ஆர்கன் என்பது ஆயிரக்கணக்கான குழல்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய இசைக்கருவி. பழைய பைப் ஆர்கனை இடம் மாற்ற இரண்டு வழி உண்டு. இரண்டுக்கும் அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது.

1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காகச் செய்த ஆர்கனை 1909-இல் ஜான் வானமேக்கர் வாங்கினார். 13 சரக்கு ரயில் பெட்டிகளில் அது பிலடெல்பியாவில் இருந்த அவருடைய கடைக்குப் போனது. பத்தாயிரத்துக்கு மேல் குழல்கள் இருந்தும், அந்தப் பிரம்மாண்டமான நடுக்கூடத்தில் சத்தம் எடுபடவில்லை. அப்புறம் குழல்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை 28,000-ஐத் தாண்டிவிட்டது.

பாஸ்டன் இசை அரங்கில் 1863-இல் நிறுவிய ஜெர்மன் ஆர்கன் கதை நேர்மாறு. 1884-இல் கழற்றிக் கிடப்பில் போட்டார்கள். 1897-இல் அதை வாங்கிய எட்வர்ட் சியர்ல்ஸ், மெத்துவன் ஊரில் அதற்கென்றே அரங்கம் கட்டி 1909-இல் திறந்தார். பணக்காரர் வேலைதான், சரி. ஆனாலும் என் ஓட்டு சியர்ல்ஸுக்கே: குழல்களைப் பிறகு சேர்க்கலாம், கூரை உயரத்தை மாற்ற முடியுமா?