இத்தாலியில் அறை எடுப்பவர்களுக்கு: பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், படம் அனுப்பாதீர்கள்

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் செய்தி வரும். "போலீஸ் பதிவுக்கு எல்லோருடைய பாஸ்போர்ட் படமும் வேண்டும், இந்த லிங்க்கில் கார்டு எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் புக்கிங் ரத்து." உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாமே சரியாக இருக்கும். விடுதியின் கணக்கையே திருடர்கள் கைப்பற்றியிருப்பார்கள். நம்பி அனுப்பியவர்களுக்குப் பணமும் போகும், பாஸ்போர்ட் படமும் போகும்.

பதிவு என்பது நிஜமான சட்டம் என்பதால்தான் இது எடுபடுகிறது. 1931ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவின்படி, நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் (ஒரே ஒரு நாள் தங்கினால் 6 மணி நேரத்துக்குள்) விடுதிக்காரர் குவெஸ்தூரா என்ற காவல் அலுவலகத்துக்கு இணையம் வழியே விவரம் தர வேண்டும். பெயர், பாலினம், பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை, ஆவண எண் போன்ற விவரங்கள்தான். குடும்பமாகப் போனால் ஆவண எண்கூட குடும்பத் தலைவருடையது மட்டும் போதும். படம், கார்டு எண், 'பதிவுக் கட்டணம்' எதுவும் இதில் இல்லை. நகராட்சியின் தங்கும் வரி வேறு. அதற்கு ரசீது வாங்குங்கள்.

நல்ல விடுதிக்கே அனுப்பினாலும் ஆபத்துதான். 2025 ஆகஸ்டில் இத்தாலிய ஹோட்டல்களிலிருந்து திருடிய பல்லாயிரம் ஆவண ஸ்கேன்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. போய் இறங்கியதும் நேரில் காட்டுங்கள், உடனே திரும்ப வாங்குங்கள். "செக்-அவுட் வரை இருக்கட்டும்" என்றால் மறுத்துவிடுங்கள். வழியில் போலீஸ் கேட்டால் காட்ட அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பதிவே செய்யாத வீட்டுக்காரர் இன்னும் மோசம். பாரிஸ், பிராங்பேர்ட் வழியாக வந்தவர்களுக்கு எல்லைச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், பாஸ்போர்ட்டில் இத்தாலிய முத்திரை இருக்காது. அவர்கள் 8 நாளுக்குள் குவெஸ்தூராவில் வருகையைத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் கையெழுத்திட்ட பதிவுப் படிவமே அதற்கு ஈடு. நகல் கேட்டு வாங்குங்கள். படிவமும் இல்லை, நீங்களும் போகவில்லை என்றால் நாட்டை விட்டு வெளியேற்றவும் சட்டத்தில் இடமுண்டு. பலெர்மோ போன்ற இத்தாலிய நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், அவர் 48 மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

2025 தொடக்கத்திலிருந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு CIN என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அது இல்லாத வீட்டை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். பிறகு புக்கிங் தளத்துக்குச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.