வெல்ஸா, மார்ட்டனா, ஜாக்சனா? மயக்க மருந்துக் கடிதங்களில் எதைத் தேடுவது

மயக்க மருந்தின் தொடக்கக் காலக் கடிதங்களைச் சேர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது ஹொரேஸ் வெல்ஸின் கையெழுத்தை. 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்சைடை (சிரிப்பூட்டும் வாயு) உள்ளிழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கக் கொடுத்த பல் மருத்துவர். 33 வயதில், 1848இல், இறந்துபோனார். எழுதக் கிடைத்த காலமே குறைவு. அவருக்காகக் காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதைதான்.

இன்னொரு பல் மருத்துவரான வில்லியம் மார்ட்டன் வேறு ரகம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தை ஊரறியக் காட்டியவர். மூன்றே நாளில், நியூயார்க்கில் ஈதரைப் பயன்படுத்தும் உரிமம் விற்றுத் தர வர முடியுமா என்று பழைய கூட்டாளி வெல்ஸுக்கே எழுதினார்! பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் 1,00,000 டாலர் கேட்டு அலைந்தார். அவர் கடிதத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு பெயருக்கானது.

என் தேர்வு சார்லஸ் ஜாக்சன். மார்ட்டனுக்கு ஈதரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வேதியியலாளர், மூன்று மாநிலங்களில் நிலவியல் ஆய்வு நடத்தியவர், 1880 வரை வாழ்ந்தவர். தாது, பாறை, மண் என்று நிறைய எழுதியிருக்கிறார். பலவற்றில் ஈதரின் வாசனையே இருக்காது, அதுதான் இடைஞ்சல். ஆனால் மனிதர் சுவாரசியமானவர். 1846 நவம்பர் 12 அன்று மார்ட்டன், ஜாக்சன் இருவர் பெயரிலும் ஈதருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறுநாளே, கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பாரிஸில் இருந்த நிலவியலாளர் எலி தெ போமோனுக்குக் கடிதம் எழுதினார். அந்த முத்திரையிட்ட கடிதம் 1847 ஜனவரி 18 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் பிரிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய தேதியுள்ள ஜாக்சன் கடிதம் கைக்கு வந்தால் கடைசி வரி வரை படித்துவிடுங்கள், ஈதர் உரிமைப் பேச்சு எங்காவது ஒளிந்திருக்கலாம்.

‘அனஸ்தீசியா’ என்ற சொல்லை மார்ட்டனுக்குப் பரிந்துரைத்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கவிஞரும்கூட. அவர் கடிதங்களில் இலக்கியம்தான் மிகுதி. கையொப்ப ஆல்பத்துக்குப் போதும், இந்தச் சேகரிப்புக்கு அல்ல.

யாருடைய கடிதமானாலும் உருப்பெருக்கியில் மையைப் பாருங்கள்: அச்சிட்ட நகலில் பேனா அழுந்திய தடம் இருக்காது. நூலக முத்திரையைச் சுரண்டிய தாளைத் தொடவே வேண்டாம்.

அந்நாளில் தாளையே மடித்து, அரக்கு வைத்து, முகவரியை வெளிப்புறம் எழுதி அனுப்புவது வழக்கம். இப்படிப்பட்ட மடிப்புத் தாள்களை அஞ்சல் வரலாற்று வியாபாரிகள் வெளியில் குத்திய அஞ்சல் முத்திரைக்காக விற்பார்கள். உள்ளே எழுதியவர் யார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். நான் ஜாக்சனைத் தேடுவது அந்தக் கட்டுகளில்தான்.