புது ஸ்டிக்னு 4,500 வாங்கிட்டு உள்ளே அட்டை வச்சுக் கொடுத்தாங்க – கேம் கன்சோல் ரிப்பேருக்குக் கொடுக்கறவங்க படிங்க

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு என் கன்சோலோட பின்மூடியைக் கழட்டினேன். உள்ளே புது ஸ்டிக் (கேம்ல ஆளை நகர்த்தக் கட்டைவிரலால தள்ற குமிழ்) இல்ல. நாலா மடிச்ச ஒரு அட்டைத்துண்டு இருந்துச்சு. அதுக்கு நான் கொடுத்தது 4,500. இன்னும் கோபம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்லேர்ந்து சொல்றேன். வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடுறதுதான் என் பொழுதுபோக்கு. கையடக்க மெஷின், வாங்கி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, கம்பெனி வாரண்டி எப்பவோ முடிஞ்சுது. ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் மகன் மடியில உக்காந்து பார்த்துட்டு இருந்தவன், "அத்தை, நீங்க தொடவே இல்ல, இவன் தானா நடக்குறான்"னான். நாலு வயசு. அதுவரைக்கும் என் கட்டைவிரல்தான் சரியா வேலை செய்யலன்னு நினைச்சிட்டிருந்தேன். மெஷினை மேசைமேல வச்சிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். கேம்ல இருக்குற ஆள் மெதுவா இடப்பக்கம் நகர்ந்து நகர்ந்து போய்க் கிணத்துக்குள்ள விழுந்தான். ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நகர்ற இந்தக் கோளாறுக்குப் பேர் ட்ரிஃப்ட்.

ரிப்பேர்க் கடைகளைச் சேர்த்துவிடுற ஒரு ஆப்புல தேடினேன். கேம் கன்சோலுக்குன்னே இருக்குற கடை, நல்ல நட்சத்திரம், நிறைய பாராட்டு. புக் பண்ணி நானே நேர்ல கொண்டுபோனேன்.

கடைக்காரர் முதல்ல கேட்டது, "பையனோடதா மேடம்?" என்னோடதுன்னேன். ஒரு சிரிப்பு. அப்பவே எழுந்து வந்திருக்கணும். ஆனா அதுக்கப்புறம் அவர் பேசின பேச்சு இருக்கே.

"மேடம், இது உங்க கை மேல தப்பு இல்ல. டிசைனே தப்பு"ன்னார். ஒரு செத்துப்போன ஸ்டிக்கைப் பிரிச்சு என் உள்ளங்கையில வச்சார். அடியில கருப்பா மெல்லிசாக் கரித்தடம், அதுமேல உரசிக்கிட்டே போற சின்ன உலோக நாக்கு. நாக்கு நிக்கிற இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும், அதை வச்சுத்தான் நாம எந்தப் பக்கம் தள்றோம்னு மெஷின் கணக்குப் போடும். பழைய ரேடியோவுல வால்யூம் குமிழைத் திருகினா கரகரங்குமே, அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். உரச உரசக் கரி தேயுது, தேஞ்ச பொடி அங்கேயே தங்குது, கையை எடுத்த பிறகும் நடு எதுன்னு மெஷினுக்குப் புரியறதில்ல. மெஷின் மெல்லிசா இருக்கணும்னு ஸ்டிக்கையும் நசுக்கிச் சின்னதாக்கிடறாங்க. தேயும்னு தெரிஞ்ச பாகத்தை மூடி, தகடு, ரிப்பன் கேபிள் (பட்டையான மெல்லிசு வயர்) எல்லாம் தாண்டி உள்ளே புதைச்சும் வைக்கிறாங்க. விரல் நுனியில ஒட்டின கரிப்பொடியை என்கிட்ட காட்டி, "இதான் மேடம் உங்க வியாதி"ன்னார்.

நான் ஒண்ணும் அப்படியே நம்பிடல. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2017-ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலோட ஜாய்-கான் கன்ட்ரோலருக்கு இதே தொல்லைன்னு 2019-ல அமெரிக்காவுல வழக்குப் போட்டிருக்காங்க, 2020 ஜூன்ல அந்தக் கம்பெனித் தலைவர் ஃபுருகாவா வாடிக்கையாளர்கள்கிட்ட வருத்தம் தெரிவிச்சிருக்கார். என் மெஷின் வேற கம்பெனி, ஆனா நோய் அதேதான். கடைக்காரர் சொன்ன மருந்தும் உண்மை. ஹால் எஃபெக்ட் ஸ்டிக். காந்தம் நகர்றதை சென்சார் தள்ளி நின்னே கண்டுபிடிக்கும், உரசலே கிடையாது, தேயக் கரியும் கிடையாது. எட்வின் ஹால் 1879-ல கண்டுபிடிச்ச சங்கதி, 1998-ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்சோலோட கன்ட்ரோலர்லயே இருந்திருக்கு. அந்த ஆள் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. அதுலதான் விழுந்தேன். அவர் சொன்ன பாடத்தையெல்லாம் சரிபார்த்த நான், அவர் மாட்டின பாகத்தைச் சரிபார்க்கல.

"ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போகும், ரெண்டையும் ஹால் எஃபெக்டா மாத்திடலாம், 4,500"ன்னார். வலது ஸ்டிக் அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. பரவாயில்ல, இனிமே தொந்தரவே இருக்காதுன்னு முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினேன். 4,500. பில்லுல "ஸ்டிக் சர்வீஸ்"னு மட்டும் எழுதியிருந்துச்சு. அப்போ கண்ணுல படல.

நாலு நாள் கழிச்சு வாங்கப் போனப்போ டெஸ்ட் ஸ்க்ரீன் போட்டுக் காட்டினார். வட்டம், நடுவுல ஒரு புள்ளி. கையை எடுத்தார், புள்ளி அசையல. "பார்த்தீங்களா?"ன்னார். பார்த்தேன். நன்றி வேற சொன்னேன். அஞ்சு நட்சத்திரம் கேட்டார், அங்கேயே நின்னு கொடுத்தேன். இதை எழுதும்போதுதான் ரொம்ப எரியுது.

ஒரு வாரத்துல சந்தேகம் வந்துச்சு. எதிரிக்குத் தெரியாம பதுங்கிப் போகணும்னா ஸ்டிக்கை லேசாத் தள்ளணும். லேசாத் தள்ளினா ஆள் நகரவே மாட்டேங்குறான், கொஞ்சம் அழுத்தினா திடுதிப்புன்னு ஓடுறான். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தா டெட்ஸோன் 35-ல இருக்கு. நான் வச்சிருந்தது 8. டெட்ஸோன்னா, நடுவுல இவ்வளவு தூரம் அசைஞ்சாலும் கண்டுக்காதேன்னு மெஷினுக்குச் சொல்றது. அதைத் திரும்ப 8-க்குக் கொண்டுவந்தேன். ஆள் கிணத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சான்.

அன்னைக்குத்தான் இன்னொண்ணும் கவனிச்சேன். அண்ணன் மகனுக்குப் பல் முளைக்கிற வயசுல, நான் அசந்த நேரம் பார்த்து அந்த இடது ஸ்டிக்கோட ரப்பர் தலையைக் கடிச்சு வச்சான். ஓரத்துல பிறை மாதிரி ஒரு தழும்பு. மூணு வருஷமா என் விரல் அதுமேலதான் உக்காருது, அதனாலயே கண்ணுல படல. "தலையோட சேர்த்து முழு மாட்யூலா மாறும் மேடம்"னு சொன்ன ஸ்டிக்குல அதே பிறை.

கடைக்கு ஃபோன் பண்ணேன். டெக்னீஷியன் லீவு. மறுநாள் பண்ணேன், "புது கேம் ஏதாவது போட்டீங்களா?" மூணாவது நாள், "காலிப்ரேட் பண்ணிப் பாருங்க." நாலாவது நாள்லேர்ந்து எடுக்கல. ஆப்புல புகார் கொடுத்தா, "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்"னு ஒரு பதில் வந்துச்சு, அப்புறம் பாகத்துக்குக் கடைதான் பொறுப்புன்னாங்க. கடைக்கு மெசேஜ் போட்டுக் கேட்டா பணம் ஆப் வழியா வந்ததால ஆப்தான் திருப்பித் தரணும்னாங்க. நடுவுல என் 4,500 பந்து மாதிரி உருளுது.

சரி, ஆதாரம் காட்டுவோம்னு பழைய ஃபோட்டோ ஒண்ணைத் தேடி எடுத்தேன். குழந்தை வாயில கன்சோல், தேதியோட. பக்கத்துல இப்போ இருக்குற தழும்பு. ரெண்டையும் கடைக்கு அனுப்பி, "புது ஸ்டிக்குல இந்தப் பல்தடம் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டேன். வந்த பதிலை அப்படியே எழுதுறேன்: "மேடம் குழந்தை கடிச்சிருக்கு. இது பிசிகல் டேமேஜ். வாரண்டி கவர் ஆகாது."

ரெண்டு தடவை படிச்சேன். என் ஃபோட்டோவை வச்சே என் வாயை அடைச்சிட்டாங்க. அதோட ஆப்புல புகாரும் "தீர்க்கப்பட்டது"ன்னு மாறிடுச்சு.

அப்புறம்தான் நேத்து நானே திறந்தேன். ஒய் வடிவ ஸ்க்ரூ ரெண்டு காணோம், ஒண்ணு தலை வழுக்கிப்போய் இருக்கு. இடது ஸ்டிக் பழையதேதான், அதோட முதுகுல அந்த அட்டை. இது தெரிஞ்ச வித்தைதான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அட்டை வச்சா மூடி ஸ்டிக்கை அழுத்தும், தளர்ந்த தகடு கரித்தடத்தோட திரும்ப ஒட்டும், கொஞ்ச நாள் ஓடும். நான் வீட்லயே காசில்லாம பண்ணியிருக்கலாம். மேலே ஏதோ எண்ணெய் ஸ்ப்ரே வேற, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது. கரித்தடத்துல எண்ணெய் பட்டா தூசியை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். சுத்தம் பண்றதுன்னா ஈரம் நிக்காம ஆவியாகிற ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டிருக்கலாம், அந்த அளவு மரியாதைகூட இல்ல. நல்லா இருந்த வலது ஸ்டிக்கோட கதிதான் மோசம். ரிப்பன் கேபிளைப் பிடிச்சிருக்கிற குட்டி லாக் உடைஞ்சு, டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. இப்போ அது இஷ்டப்பட்டா வேலை செய்யுது. ஒரு கோளாறோட கொடுத்தேன், 4,500 கொடுத்து ரெண்டு கோளாறா வாங்கிட்டு வந்திருக்கேன்.

எப்படி ஜாக்கிரதையா இருக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். பொறுமை இல்ல, மணி ஒண்ணாச்சு. கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டிக், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க. டெட்ஸோன் எவ்வளவுன்னு குறிச்சு வைங்க, திரும்ப வாங்கும்போது அதைக் குறைச்சு வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, புள்ளி நடுவுல நிக்குதுன்னு மயங்காதீங்க. கழட்டின பழைய ஸ்டிக்கைக் கையில கேளுங்க, தர மறுத்தா கழட்டவே இல்லன்னு வைங்க. பில்லுல "ஹால் எஃபெக்ட் ஸ்டிக், ரெண்டு"ன்னு எழுதி வாங்குங்க. மெமரி கார்டை எடுத்துட்டுக் கொடுங்க. பணம் முழுசா முன்னாடி வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

கடை பேர் கேட்டு யாரும் வராதீங்க. புகார் மேல புகார் போட்டிருக்கேன், அது முடியறவரைக்கும் சொல்ல மாட்டேன். அந்த உடைஞ்ச ரிப்பன் லாக்கை மட்டும் மாத்த முடியுமா, இல்ல போர்டே போச்சான்னு தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. ஸ்டிக்கை இந்தத் தடவை நானே வாங்கி நானே மாட்டிக்கிறேன்.