கிரகட்டோவா 1883, சுமத்ரா 2004: எதை முதலில் படிக்கலாம்?

இரண்டு சுனாமிகளும் இந்தோனேசியாவில் பிறந்தவைதான். கிரகட்டோவா எரிமலை மே மாதமே புகைய ஆரம்பித்துவிட்டது. ஆகஸ்ட் 27இல் வெடித்துச் சரிந்தபோது அலை 30 மீட்டருக்கு மேல் எழுந்தது. 36,000 பேருக்கு மேல் பலி.

2004இல் அந்த அவகாசமே இல்லை. கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைத்தட்டு நழுவியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை தமிழகக் கரைக்கே வந்துவிட்டது. கடல் உள்வாங்கியதும், மணலில் துடித்த மீன்களைப் பார்க்கப் போனவர்கள் உண்டு.

குழந்தைகளுக்கு நான் 2004ஐத்தான் முதலில் சொல்வேன். சுமத்ராவுக்கு அருகே உள்ள சிமெலுவே தீவுப் பெரியவர்கள் 1907 சுனாமியை ‘ஸ்மோங்’ என்று கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் 2004இல் நிலம் ஆடியதும் ஊரே மேட்டுக்கு ஓடியது. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழே பேர்.