மேலமணக்குடி மணலில் ஒரு வருடம் ஓடிய வள்ள டிராலி

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான மேலமணக்குடியில் எங்களுக்கு இருப்பது 16 அடி பைபர் வள்ளம். எஞ்சினையும் வலையையும் இறக்கிவிட்டால் வெறும் கூடு 180 கிலோ வரும். அதைக் கரையிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோக முன்பு ஆறு பேர் சேர்ந்து பிடிப்போம். அண்ணன்மார் இரண்டு பேரும் மஸ்கட் போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பாவுக்கு 68 வயது, வலது தோளைத் தூக்க முடியாது. காலை நான்கு மணிக்கு ஒவ்வொரு வாசலாகப் போய் ஆள் கூப்பிட வேண்டும். அவர்களுக்கும் தொழில் இருக்கிறது அல்லவா? ஆள் கிடைக்காத நாட்களில், நெத்தோலி ஓடுவது தெரிந்தும் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

அதனால் முதலில் ஒரு கடையில் ரெடிமேடாக விற்ற டிராலியை, அதாவது வள்ளத்தை மேலே வைத்து உருட்டும் இரண்டு சக்கர வண்டியை, வாங்கினோம். ஸ்கூட்டர் அளவுக்கு மெல்லிய சக்கரம், உள்ளே பால் பேரிங். சிமெண்ட் தரையில் நன்றாக ஓடியது. மணலில் இறக்கியதும் சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. இரண்டே மாதத்தில் பேரிங்கில் உப்பும் மணலும் ஏறி இறுகி, சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. அந்தப் பணம் போனது போனதுதான்.

அப்புறம்தான் பறக்கைப் பக்கம் உள்ள ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கேட், கிரில் செய்கிற சின்னப் பட்டறை. வள்ளத்துக்கு டிராலி செய்ததே இல்லை என்று அந்த அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் அளவு எடுக்க அடுத்த நாளே எங்கள் கரைக்கு வந்தார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மணலை அமுக்கிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு அகல டயர்தான் சரிப்படும்" என்றார்.

ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், பழைய மாருதி 800 சக்கரம் இரண்டு, டயரோடு, 2,400 ரூபாய்க்குக் கிடைத்தது. பேரிங் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ரிம்மின் நடுவில் ஒரு குழாய் வைத்த பிளேட்டை நாலு போல்ட்டில் மாட்டி, அதற்குள் நைலான் புஷ், அதாவது நைலானில் கடைந்த உள்வளையம், போட்டார். அச்சு அதற்குள் நுழைந்திருக்கும், சக்கரம் அச்சின் மேல் சுற்றும். கிரீஸ் வைக்கக் கூடாது, வைத்தால் மணல் ஒட்டி அரைக்கும். முதலில் புஷ்ஷை இறுக்கமாகக் கடைந்திருந்தார். நைலான் தண்ணீர் குடித்து ஊதும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் சக்கரம் பிடித்துக்கொண்டது. திரும்பக் கொண்டுபோனேன். லேத்தில் கொடுத்து புஷ்ஷின் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. இன்று வரை அதே புஷ்தான்.

காற்று விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சர் கடையில் பழக்கத்தில் 28 பிஎஸ்ஐ அடித்துவிட்டார்கள். மணலில் அகல டயரும் கல் மாதிரி புதைந்தது. 12-க்கு இறக்கினோம். டயர் பரந்து மணல் மேலேயே உட்கார்ந்து நகர்ந்தது. அதே டயர்தான், வித்தியாசம் காற்றில் மட்டும்.

வள்ளத்தின் எடை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தது அப்பா. ஒரு உருட்டுத் தடியை ஏராவுக்கு (வள்ளத்தின் அடிக்கட்டை) அடியில் குறுக்கே வைத்து, நான் அணியத்தை (முன்முனை) பிடிக்க, அவர் அமரத்தை (பின்முனை) பிடித்துக்கொண்டு, தடியை நாலு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஓரிடத்தில் இரண்டு பேரும் கையை எடுத்தாலும் வள்ளம் தராசு மாதிரி நின்றது. "இங்க கோடு போடு மக்கா" என்றார். பக்கவாட்டில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். டிராலியின் அச்சு அந்தக் கோட்டுக்கு நேராக வரக் கூடாது. கோடு, கைப்பிடி இருக்கிற பக்கமாக அரை அடி தள்ளி நிற்க வேண்டும். அப்போது கையில் ஒன்பது, பத்து கிலோ பாரம் அழுத்தும், சரிவில் வள்ளம் நிமிர்ந்து தூக்காது. இறக்கும்போது அணியம் கடலைப் பார்த்துப் போக வேண்டும் என்பதால் கைப்பிடி அமரத்துப் பக்கம். ஏற்றும்போது அணியத்துப் பக்கம். வள்ளத்தை ஒரு அடி நகர்த்தி வைத்தால் இரண்டுக்கும் சரியாகிவிடும்.

சட்டம் இரண்டு அங்குல ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். இதில்தான் பட்டறையின் குறை. ஜிஐ-யை வெல்டிங் செய்யும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அதன் மேல் சாதாரண பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். ஐப்பசிக்குள் ஒவ்வொரு வெல்டிங் வளையத்திலும் துரு. நானே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன். குழாய் முனைகளையும் முழுக்க மூடியிருந்தார். வெல்டிங்கில் ஊசித் துளை அளவு விட்டுப்போனாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். அடியில் எட்டு மில்லிமீட்டர் துளைகள் போட்டதும் இரண்டு குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நீங்கள் செய்யச் சொன்னால் இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு 15,000 ரூபாய். அதில் கூலி 4,500.

முதல் நாள் கடலில் இறக்கியதை மறக்க முடியாது. அப்பா இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார், நான் பக்கத்தில் தள்ளினேன். வேறு யாரும் இல்லை. டயர் மணலில் 'சர்'ரென்று உரசியது, அவ்வளவுதான் சத்தம். தண்ணீர் அச்சுக்கு மேல் வந்ததும் வள்ளம் தானாக மிதந்து கழன்றது. நான் எஞ்சினைத் தோளில் எடுத்து வர வீட்டுக்கு நடந்தேன். திரும்பி வரும்வரை அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடியே நின்றார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

டயரில் காற்று இருப்பதால் டிராலியும் லேசாக மிதக்கப் பார்க்கும், அலை அதைக் கவிழ்த்துவிடும். கைப்பிடியில் முப்பது அடி கயிறு கட்டி வைத்திருக்கிறோம், வள்ளம் கழன்றதும் கரையிலிருந்து இழுத்துவிடலாம். ஆனி, ஆடியில் கடல் கரையைத் தின்று மணலில் படி விழுந்துவிடும். ஓர் ஆள் இடுப்பு உயரப் படி என்றால் டிராலி பயன்படாது, மண்வெட்டியால் சரித்துத்தான் இறக்க வேண்டும். எஞ்சினோடு சேர்த்து ஏற்றவோ 25 அடி வள்ளத்துக்கோ இது தாங்காது.

வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம், தினமும். பட்டறைக்குப் போகிறவர்கள் வள்ளத்தின் அடி வளைவை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். டிராலியில் வள்ளம் உட்காரும் தாங்குகட்டை அந்த வளைவுக்குப் பொருந்தாவிட்டால் பைபர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிக்கும். எங்களுக்கு இரண்டாவது தடவை மாற்றித்தான் சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.