2 பல்புக்கு 18,300 ரூபாய்: பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கு எச்சரிக்கை

பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் தமிழர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் முகப்பு விளக்குக்கு பல்பு வாங்கப் போங்கள். “இது வெளிநாட்டு வண்டி, இதற்குத் தனி பல்பு” என்று கடைக்காரர் சொன்னால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் எங்களிடம் 18,300 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஓடும் காரில் தீப்பிடிக்கக்கூடிய வேலையைச் செய்து, அது வெளியே தெரியாதபடி மறைத்தும் வைத்தார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய போர்ஷே பாக்ஸ்டர், 987 வகை. இந்த வகையில் செனான் விளக்குடன் (வாயுவில் மின்பொறி பாய்ந்து எரிவது) வந்தவையும் உண்டு, ஹாலோஜனுடன் (இழை சூடாகி எரியும் பல்பு) வந்தவையும் உண்டு. என் காரில் இருப்பது ஹாலோஜன். லோ பீமுக்கு, அதாவது எதிரே வருபவரின் கண் கூசாதபடி தாழ்வாக விழும் வெளிச்சத்துக்கு, எச்7 பல்பு: 12 வோல்ட், 55 வாட். இதே எச்7 எத்தனையோ சாதாரணக் கார்களிலும் எரிகிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனியாக ஒரு எச்7 உலகத்தில் கிடையாது. நல்ல நிறுவனத்தின் பல்பே சில நூறு ரூபாய்தான்.

ஒரு பக்கத்து பல்பு அணைந்துவிட்டது. ஒன்று போனால் மற்றதும் விரைவில் போகும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற நினைத்தேன். ஜே.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடை. அந்தச் சாலையில் நேர்மையான கடைகள் நிறைய இருக்கின்றன. பின்னர் சரியான பல்பை அங்கேயேதான் வாங்கினேன். ஆகவே சாலையைப் பழிக்கவில்லை. இந்தக் கடையின் உரிமையாளர் நான் கன்னடத்தில் கேட்டதும் என் பேச்சின் சாயலைக் கண்டுபிடித்து, “நமக்கும் கிருஷ்ணகிரிப் பக்கம்தான் சார்” என்று தமிழுக்கு மாறினார். சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டால் இந்த நகரத்தில் யாருக்கும் மனம் இளகும். அந்த இளகலைத்தான் அவர் விலை பேசினார். ஜோடி பல்பு 11,800 ரூபாய், முன் பம்பரைக் கழற்றி மாட்டக் கூலி 6,500 ரூபாய், ஆள் வீட்டுக்கே வருவார். பில் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. ஜிஎஸ்டி எண்ணும் அதில் இல்லை, பல்பின் வாட்டும் இல்லை.

மெக்கானிக் வந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்தேன். தோமலூர் வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். பம்பர் தரையில் கிடப்பதைப் பார்த்து, “பல்பு மாற்றுவதற்கு முகத்தையே ஏன் கழற்றுகிறாய் தம்பி?” என்று கேட்டிருக்கிறார். “இந்த வண்டிக்கு இப்படித்தான் ஐயா” என்று பதில் வந்திருக்கிறது. மெக்கானிக் வேலையே தெரியாத அந்த முதியவருக்கு வந்த சந்தேகம்தான் சரியான சந்தேகம்.

ஏனென்றால் இந்தக் காரில் பல்பு மாற்றப் பம்பரைத் தொடவே வேண்டாம். என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்மூடியைத் திறந்தால் சாமான் வைக்கும் இடம். அதன் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியை விலக்கி, காரோடு வரும் கருவிப் பையிலிருக்கும் சாவியை உள்ளே நுழைத்துத் திருப்பினால் பூட்டு விடுபடும் சத்தம் கேட்கும். பிறகு விளக்கு முழுவதும் தண்டவாளத்தில் நகர்வதுபோல் முன்பக்கமாக வழுக்கி வெளியே வரும். ஒயரைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை, இணைப்பு தானாகவே பிரிந்துகொள்ளும். பின்மூடியைத் திறந்து, கம்பிக் கிளிப்பை விலக்கி, பல்பை மாற்றித் திரும்பத் தள்ளிப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு கையால் இழுத்துப் பார்ப்பது மிக முக்கியம். சரியாகப் பூட்டாத விளக்கு சாலையிலேயே கழன்று விழும். வேலைக்கு முன் விளக்கு ஆறியிருக்க வேண்டும். புதிய பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடம் அதிகமாகச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். செனான் விளக்கு உள்ளவர்கள் மட்டும் தாங்களே கை வைக்காதீர்கள். அது பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் பாயும்.

இனி அந்தப் பல்புகள் செய்த வேலையைச் சொல்கிறேன். தர்மபுரியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க இரவில் கிளம்பினேன். அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்தே எதிரே வந்த லாரிகள் விளக்கை மின்னி மின்னித் திட்டின. சூளகிரியை நெருங்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. சிறிது தூரத்தில் இடப்பக்க விளக்கு அணைந்தது. கனரக வண்டிகள் சீறும் நெடுஞ்சாலையில் ஒற்றை விளக்கோடு ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினேன். பக்கத்து இருக்கையில் மனைவி இருந்தார். அந்த வாடையை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் அடங்குவதில்லை.

திரும்பி வந்ததும், மின்பொறியாளரான பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் விளக்கை வெளியே எடுத்தோம். பல்பு பொருந்தும் இணைப்பி உருகி, பழுப்பேறி, பல்பின் காலோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே பிரதிபலிக்கும் பரப்பு புகைபடிந்து மங்கியிருந்தது. எரிந்துகொண்டிருந்த மற்ற பல்பை அண்ணன் மீட்டர் வைத்து அளந்தார். பெட்டியில் 55 வாட் என்று அச்சிட்டிருந்த அது ஏறத்தாழ 100 வாட் இழுத்தது. தரச்சான்று பெற்ற பல்பின் அடிப்பகுதியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். இவற்றில் எதுவுமே இல்லை.

55 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும். 100 வாட் பல்பு 8.3 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றலாம். ஆனால் ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டைத் தாங்க அந்த ஒயரும் இணைப்பியும் செய்யப்படவில்லை. கூடுதல் வெளிச்சத்தால் நமக்கும் பெரிய நன்மை இல்லை, எதிரே வருபவரின் கண்தான் கூசுகிறது.

இத்தனை மின்னோட்டம் போயும் ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று பார்த்தபோதுதான் உண்மை முழுதாக வெளிப்பட்டது. லோ பீமுக்கான இரண்டு இடங்களிலும் மஞ்சள் நிற 20 ஆம்பியர் ஃபியூஸ் செருகப்பட்டிருந்தது. கார் கையேட்டின் அட்டவணையில் உள்ள அளவைவிட அது பெரியது. பல்பு மாற்ற வந்தவர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்திருக்கிறார். அதிக வாட் என்று தெரியும், சரியான ஃபியூஸ் தாங்காது என்றும் தெரியும். தெரிந்தே காரின் பாதுகாப்பைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பம்பரில் உடைந்த கிளிப்புகளும் திரும்பப் போடாத இரண்டு திருகுகளும் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். கிருஷ்ணகிரித் தமிழ் காணாமல் போயிருந்தது. “பல்புக்கு வாரண்டி கிடையாது. பில் இருந்தால் பேசுங்கள்” என்றார்கள். பில் தராதவர்களே பில்லைக் கேட்கிறார்கள்!

இந்த இடத்தில் பலர் சோர்ந்து திரும்பிவிடுவார்கள். திரும்பாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. யுபிஐயில் பணம் செலுத்திய பதிவும், துண்டுச் சீட்டும், வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுகளே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

நான் 1915இல் புகார் செய்த பிறகு கடையிலிருந்து தாமாகவே அழைத்தார்கள். பல்பின் விலையைத் தந்துவிடுகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். உருகிய இணைப்பிக்கும் மங்கிய விளக்குக்கும் பம்பருக்கும் யார் பொறுப்பு? ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதே முறையில் வீட்டுக்கு ஆள் வந்து விளக்கு மாற்றியிருந்தால், இன்றே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு மாறியிருந்தால் இரவில் காரை எடுக்காதீர்கள். பல்பையும் ஃபியூஸையும் தூக்கி எறியாமல், தேதியோடு படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.